காலர் வைத்த ஞாயிறு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், ஷிப்ட் கணக்கில் செக்கிங் மேசையில் நிற்பவர், ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட்காரர், காஜா பட்டன் பில்லோடு வந்து நிற்பவர் என எல்லோருடைய வாரக் கணக்கும் அன்று மாலைதான் தீரும். பணம் கைமாறி முடியும்வரை பனியன் கம்பெனி முதலாளி ஊரை விட்டு நகர முடியாது. அதனால் மற்ற ஊர்களில் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் நீளும் வார இறுதி கோல்ஃப், திருப்பூர்க்காரருக்கு ஞாயிறு காலை ஒரே ஒரு ரவுண்டாகச் சுருங்கிவிடுகிறது. அதுவும் அந்த வாரம் ஷிப்மென்ட் நெருக்காமல் இருந்தால்.

இருந்தும் போகிறார்கள். இருட்டோடு கிளம்பி, பல்லடத்தைத் தாண்டி, மேற்கே செட்டிபாளையம் பக்கம் வண்டியை விட்டால் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப். பதினெட்டுக் குழி, பார் 72. இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிஜிடிஐ தொடர் இங்கும் வந்து போயிருக்கிறது. அதே செட்டிபாளையத்தில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடமும் இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் இறந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயர் அதற்கு. கோவையில் நூற்பாலை இயந்திரம் செய்த குடும்பத்துப் பிள்ளை அவர். இந்தப் பகுதியில் எந்த விளையாட்டைத் தொட்டாலும் அடியில் எங்கோ ஒரு மில்லோ, நூல் கணக்கோ இருக்கும்.

இவ்வளவு பணம் புரளும் திருப்பூரிலேயே ஏன் ஒரு மைதானம் எழவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பதினெட்டுக் குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்குக் குறையாமல் நிலம் வேண்டும்; அந்தப் புல்லுக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. நொய்யலில் சாயக் கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் நடுங்கியதை யாரும் மறக்கவில்லை. அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு மாறி, சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடியும் சாயத்துக்கே ஊற்றுகிறார்கள். லிட்டர் தண்ணீருக்கு என்ன செலவு என்பதைக் காசு சுத்தமாகச் சொல்லக்கூடிய முதலாளிகள் இவர்கள். அந்த ஊரில் புல்வெளிக்காக போர் போடுவது அவ்வளவு சுலபமாக நடக்காது. நடக்காமலிருப்பதும் நல்லதுதான் என்பது என் கட்சி.

சரி, ஞாயிறு காலைக்கு வருவோம். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஃபோர்பால். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் முதல் அடி விடியலிலேயே. பதினெட்டுக் குழியும் நடந்து முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எட்டுப் பத்து கிலோமீட்டர் நடை. நால்வரில் ஒருவர் இருபது வருடமாக ஆடுபவராக இருப்பார். இன்னொருவர் சர்க்கரை கூடிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு மட்டையைத் தொட்டவராக இருப்பார். கிரிக்கெட்டிலோ பேட்மிண்டனிலோ இந்த இருவரும் ஒரே ஆட்டத்தில் நின்றால் பத்தாவது நிமிடத்தில் இருவருக்குமே சலித்துவிடும். கோல்ஃபில் கடைசிக் குழிவரை இழுபறியாக ஆட முடிகிறது. அதைச் சாத்தியமாக்குவது ஹேண்டிகேப். இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் என்றுகூடச் சொல்வேன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக: தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழிக்கு எத்தனை அடியில் பந்தைப் போட வேண்டுமோ அது பார். பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து 72. சராசரி ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் தொண்ணூறு, நூறு என்று அடிப்பார். அவருடைய சமீபத்திய ஆட்டங்களை வைத்து, இவருக்கு இத்தனை அடி சலுகை என்று கணக்கிட்டு வைக்கிறார்கள். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்துவிட்டது: கடைசி இருபது ரவுண்டில் சிறந்த எட்டை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள், மைதானம் எவ்வளவு கடினம் என்பதையும் அதில் கலப்பார்கள். உச்சவரம்பு 54. மோசமான ரவுண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சிறந்தவற்றை மட்டும் பார்ப்பதால், இந்த எண் ஒருவர் வழக்கமாக எப்படி ஆடுகிறார் என்பதைவிட, நன்றாக ஆடும் நாளில் எதுவரை போவார் என்பதைத்தான் சொல்கிறது.

சலுகை மொத்தமாகக் கடைசியில் கழிக்கப்படுவதோடு நிற்பதில்லை. எந்தக் குழி கடினம், எது எளிது என்று ஒன்று முதல் பதினெட்டுவரை வரிசை போட்டு ஸ்கோர் கார்டிலேயே அச்சடித்திருப்பார்கள். ஹேண்டிகேப் 6 உள்ளவருக்கு மிகக் கடினமான ஆறு குழிகளில் தலா ஓர் அடி தள்ளுபடி. 22 உள்ளவருக்கு எல்லாக் குழியிலும் ஓர் அடி. அதற்குமேல் மிகக் கடினமான நான்கில் இன்னும் ஓர் அடி. கடினத்தில் மூன்றாவதாக இருக்கும் ஒரு பார் 4 குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிகேப் 6 உள்ளவர் ஐந்தில் முடிக்கிறார், 22 உள்ளவர் ஆறில் முடிக்கிறார். ஐந்தில் ஒன்று போனால் நான்கு. ஆறில் இரண்டு போனால் நான்கு. சமம். தோற்றவர் காலைச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற பந்தயம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நண்பர்கள் ஆட்டத்தில் பெரும்பாலும் நடப்பது ஸ்டேபிள்ஃபோர்டு கணக்கு. சலுகை போக பார் அடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்தால் 3. இரண்டடியோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். ஒரு குழியில் பத்து அடி அடித்துத் தொலைத்தவரின் முழு ஞாயிறும் அதோடு பாழாவதில்லை. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், கடலோரத்து வாலசி கிளப்பில் 1932 மே 16 அன்று இந்தக் கணக்கில் முதல் போட்டி நடந்தது. அங்கே அடிக்கும் கடல் காற்றில் சாதாரண ஆட்டக்காரர் இரண்டாவது குழியிலேயே கார்டைக் கிழித்துப்போட்டு வீட்டுக்குப் போகிற நிலைமைக்கு அவர் கண்ட மருந்து அது.

அந்த மருத்துவர் ஓர் ஆடி மாதம் செட்டிபாளையம் பக்கம் வந்திருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் விழுந்த பெரிய இடைவெளி. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக் காற்று அதன் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாயும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் காடு போல நிற்பது அதனால்தான். கோல்ஃப் பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆடிக் காற்றில் அந்தப் பந்தை மேற்கே பார்த்து உயரத் தூக்கி அடித்தால் அது போன வழியே திரும்பி வர முயற்சி செய்யும். இங்கே ஆடிப் பழகியவர்கள் அந்த மாதங்களில் பந்தைத் தாழ்வாகவே தள்ளுகிறார்கள். கிழக்கே பார்த்த குழிகளில் மட்டும் எல்லோருமே திடீரென்று பெரிய ஆட்டக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அந்தப் பெருமையைக் காற்றோடு பங்கு போட யாரும் முன்வருவதில்லை.

ஹேண்டிகேப் ஓர் எண் என்றாலும், நண்பர்களுக்கு நடுவே அது நடத்தைச் சான்றிதழ் மாதிரி. ஸ்டேபிள்ஃபோர்டில் 36 புள்ளி எடுத்தால் ஒருவர் தன் எண்ணுக்குத் தக்கபடி ஆடினார் என்று அர்த்தம். 38 என்றால் கை கொடுப்பார்கள். 43 எடுத்தால் கையைக் கொடுத்துக்கொண்டே, "ஏனுங்க, உங்க ஹேண்டிகேப் இன்னும் இருபத்திரண்டு தானுங்களா?" என்பார்கள். சிரிப்போடு வரும் கேள்விதான். ஆனால் உள்ளே முள் இருக்கும். சாதாரண நாட்களில் வேண்டுமென்றே மோசமாக ஆடி, அல்லது நல்ல கார்டுகளைக் கொடுக்காமல் விட்டு, எண்ணை உயர்த்தி வைத்துக்கொண்டு பரிசு நாளில் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் உலகத்து எல்லா கிளப்பிலும் உண்டு. இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. மரத்தடியில் பந்து அரை அங்குலம் நகர்ந்ததா என்பது அடித்தவருக்கு மட்டுமே தெரியும். காணாமல் போன பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான்; முன்பு ஐந்து. அந்த மூன்று நிமிடத்தில் ஒருவருடைய பாக்கெட்டிலிருந்து அதே பிராண்ட் பந்து புல்லில் விழுந்து "இதோ கிடைச்சிருச்சு" ஆவதற்கும் வாய்ப்பிருக்கிறது. அப்படிச் செய்கிறவரிடம் மறுநாள் கடனுக்கு நூல் போட யோசிப்பார்கள்.

இதனால்தான் வியாபாரிகளுக்கு இந்த ஆட்டம் ஒத்துப்போகிறது என்று நினைக்கிறேன். நான்கு மணி நேரத்தில் உண்மையில் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதியெல்லாம் நடையும் பேச்சும். எதிராளி நெருக்கடியில் என்ன செய்கிறார், தோல்வியை எப்படி வாங்கிக்கொள்கிறார், தன் கணக்கைத் தானே எப்படி எழுதுகிறார் என்று பார்க்க இதைவிட நீண்ட நேர்முகம் கிடைக்காது. ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர் வந்திருக்கும்போது நிறுவனங்கள் நடத்தும் கோல்ஃப் நாளில் ஹேண்டிகேப்பே இல்லாத விருந்தாளியும் ஆட வேண்டும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: பீயோரியா என்றொரு முறை. அமைப்பாளர்கள் ஆறு குழிகளை ரகசியமாகக் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த ஆறில் ஒருவர் எடுத்த அடிகளை வைத்து அன்றைக்கு மட்டுமான ஹேண்டிகேப் தயாராகிவிடும். யார் ஜெயிப்பார் என்பது அதிர்ஷ்டத்தின் கையில். எந்த பையருக்கும் மனம் கோணாது.

நால்வருக்குப் பின்னால் பையைச் சுமந்தபடி நடக்கிறவர்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பதினான்கு மட்டைவரை வைக்கலாம் என்கிறது விதி. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு, பந்து எங்கே விழுந்தது என்று கண் வைத்து, குழியைச் சுற்றியுள்ள கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்லித் தருபவர் கேடி. மைதானத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள். இந்திய கோல்ஃபின் உண்மையான பள்ளிக்கூடம் இவர்கள்தான் என்றால் மிகையில்லை. இந்திய ஓப்பன் போட்டி 1964இல் தொடங்கியது. 1965இல் பி.ஜி. சேதி அமெச்சூராக ஆடி வென்றார். அதன்பிறகு ஓர் இந்தியர் அதை வெல்ல 1991வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்றவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993இலும் அவரே வென்றார். 2009இல் அதே பட்டத்தை எடுத்த சி. முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். பல மைதானங்களில் திங்கள் பராமரிப்பு நாள். உறுப்பினர் வராத அந்த நாளில், கழித்துப்போட்ட மட்டைகளோடு கேடிகள் ஆடிக்கொள்வது வழக்கம். அப்படிக் கற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை முதலாளி தன் ஸ்விங்கைத் திருத்திக்கொள்கிறார். நால்வருக்குள் அடியைப் பங்கிட்டுச் சமம் செய்யும் அந்தக் கணக்கு, ஐந்தாவதாக நடக்கும் இவருக்கு எதையும் எழுதுவதில்லை.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆட்டம் என்பது பழைய செய்தி. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் முதல் கோல்ஃப் கிளப் 1829இல் கல்கத்தாவில் தோன்றியது. கொழும்பில் 1879இலும் கொடைக்கானலில் 1895இலும் வந்தது. சென்னையில் 1884இல் தொடங்கிய ஜிம்கானா கிளப்காரர்கள் கிண்டி குதிரைப் பந்தயத் தடத்தின் நடுவயிற்றில் ஆடினார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று வாடகை பாக்கியைக் காரணம் காட்டி, ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து அந்த 160 ஏக்கரைத் தமிழக அரசு கையில் எடுத்தது. வெள்ளம் தேங்கும் நகரத்தின் நடுவே இவ்வளவு திறந்த நிலம் யாருக்கு என்ற கேள்வி இனி எல்லா மைதானத்தின் வாசலிலும் வந்து நிற்கும். செட்டிபாளையமும் அதற்கு விலக்கில்லை.

இனி உடுப்பு. பெரும்பாலான கோல்ஃப் கிளப்களில் காலர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கழுத்து வட்டமான டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனால், அதைத் தைத்து உலகத்துக்கே அனுப்பும் ஊரின் ஆளாக இருந்தாலும், வாசலோடு சரி. உள்ளாடை பனியனில் பெயர் வாங்கிய ஊர் காலர் வைத்துக்கொண்டு கோல்ஃபுக்குப் போக வேண்டியிருப்பதை நான் ரசிக்கிறேன். ஆனால் அந்தக் காலரும் திருப்பூருக்குத் தொழில்தான். 1926இல் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் விறைப்பான முழுக்கை நெசவுச் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, காற்றோட்டமான பின்னலில் அரைக்கைச் சட்டை போட்டு அமெரிக்கப் போட்டியில் ஆடினார். அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றைய போலோ டி-ஷர்ட். அதன் துணி பிக்கே. நிட்டிங் மெஷினில் சில கண்ணிகளைப் பின்னி முடிக்காமல் ஊசியிலேயே நிறுத்தி, அடுத்த சுற்றோடு சேர்த்து இழுத்தால் துணியில் தேனடை மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழும். உடம்போடு ஒட்டாது, வியர்வை காயும். காலரை மட்டும் தனியாக ஃபிளாட் மெஷினில் பின்னி வாங்கி, பட்டன் பட்டி வைத்துத் தைப்பார்கள். சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் (ஜிஎஸ்எம்) பருத்தி பிக்கே என்றால் திருப்பூரில் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்வார்கள்.

தொல்லை என்னவென்றால், கோல்ஃப் ஆடுகிறவர்கள் பருத்தியை விட்டு விலகிப் பல வருடம் ஆகிறது. இன்று மைதானத்தில் பார்க்கும் சட்டைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டரோடு கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்தவை. 150 ஜிஎஸ்எம் அளவில் லேசாக, நான்கு பக்கமும் இழுபடும். பருத்திக்கு 60 டிகிரியில் ஏறும் சாயம் வேறு. பாலியஸ்டருக்கு 130 டிகிரியில், அழுத்தத்தில் ஏற்றும் சாயம் வேறு. நூல், நிட்டிங், தையல் ஊசி என எல்லாமே மாறும். உலகச் சந்தையில் செயற்கை இழை உடையே பெரும்பங்கு. திருப்பூரோ இன்னும் பருத்தியின் ஊர். செயற்கை இழைக்கு மாற வேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் கூட்டங்களில் பேசுவதற்கும், பேசுகிறவர் ஞாயிறு காலை இறக்குமதியான பாலியஸ்டர் போலோவைப் போட்டுக்கொண்டு முதல் அடி அடிக்கும் டீ மேடையில் நிற்பதற்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தத் தொழிலின் இன்றைய வேலை. கூட்டத்தில் கேட்ட புள்ளிவிவரத்தைவிட, தன் முதுகில் காயும் வியர்வை ஒரு முதலாளியை வேகமாகச் சம்மதிக்க வைக்கும் என்று நம்புகிறேன்.

இந்த ஃபோர்பால்களில் பெண்கள் குறைவு. பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பங்கு பெண்கள் என்ற ஊரில் இது உறுத்துகிறது. பெங்களூரின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தபோது, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட விடியற்காலையில் டிவி ஓடியது. அந்த ஆர்வம் கிளப் வாசல்வரை நடந்து வரவில்லை.

பதினெட்டும் முடிந்து கார்டுகளைக் கூட்டிக் கையெழுத்துப் போட்டபின் சாப்பாட்டு மேசை. அங்கே பேச்சு எப்போதும் தொழிலில்தான் போய் நிற்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது வேறென்ன பேசியிருக்க முடியும்? அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய ஆடைகளுக்கு அங்கே 12 சதவீதம்வரை இருந்த சுங்கம் அதன்படி பூஜ்யமாகும். கோல்ஃபின் தாய்நாடான ஸ்காட்லாந்தின் கிளப் கடைகளுக்கும் திருப்பூர் போலோ சுங்கமில்லாமல் போகலாம். இத்தனை வருடம் அந்தச் சந்தையில் பங்களாதேஷ் சுங்கமின்றி விற்றது. மிகவும் பின்தங்கிய நாடு என்பதற்காகக் கொடுத்த சலுகை அது. பலவீனமானவருக்கு எழுத்தில், எல்லோருக்கும் தெரியும்படி கொடுக்கும் தள்ளுபடி. அதைத்தான் சற்றுமுன்வரை மைதானத்தில் நான்கு பேரும் நியாயம் என்று ஒப்புக்கொண்டு ஆடினார்கள்.

அந்த மேசையில் இதைச் சொல்லிப் பார்த்தால் பதில் உடனே வரும்: பங்களாதேஷின் ஹேண்டிகேப் எப்போதோ இறங்கியிருக்க வேண்டும், ஆடை ஏற்றுமதியில் நம்மைவிடப் பல மடங்கு விற்றுக்கொண்டு இன்னும் இருபத்திரண்டு என்று கார்டில் எழுதுகிறார்கள் என்பார்கள். ஐ.நா. கணக்கிலும் அந்த எண் திருத்தப்படவே இருக்கிறது. பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து பங்களாதேஷ் வெளியேறக் குறித்த நாள் 2026 நவம்பர் 24. அது ஒரு செவ்வாய்க்கிழமை. கம்பெனி வேலை நாள்.